எலும்பும் மூட்டும் தோலும்: ஒரே கயிற்றின் மூன்று வடிவங்கள்

மெலிந்துபோன ஒருவரைக் கண்டால் "எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார்" என்கிறோம். சதை வற்றி, தெம்பு வடிந்து, கடைசியில் மிச்சம் நிற்பவை இவை இரண்டும்தான் என்பது அந்தச் சொல்லின் பொருள். எலும்பு உள்ளே நட்ட கம்பம், தோல் மேலே போர்த்திய துணி, உயிர் இருப்பது இரண்டுக்கும் நடுவில் என்ற எண்ணம் நம் பேச்சில் ஊறிப்போயிருக்கிறது. ஆய்வக மூலையில் தொங்கும் எலும்புக்கூடும் இந்த எண்ணத்தை வளர்க்கிறது. வெளுத்து உலர்ந்த அந்த எலும்பு செத்த எலும்பு. உயிருள்ள உடம்பில் இருக்கும் எலும்பு ஈரமானது, உள்ளே ரத்தம் ஓடுவது, வெட்டினால் கசிவது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை மேசைக் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

எலும்பு, மூட்டு, தோல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசக் காரணம் உண்டு. மூன்றையும் கட்டுவதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் அடிப்படைச் சரக்கு ஒன்றே: கொலாஜன் என்ற புரதம். உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான். மூன்று நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறாக நிற்பது இதன் அமைப்பு. அந்தக் கயிற்றைப் பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் தோல். ஒரே திசையில் இழுத்துக் கட்டினால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். கயிறுகளுக்கு இடையே கால்சியம் உப்பை இறுகப் பதித்தால் எலும்பு. மூட்டின் வழுவழுப்பான குருத்தெலும்பில் இருப்பது இதன் உடன்பிறந்த இன்னொரு வகைக் கொலாஜன். இந்தக் கயிறுகளை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதும் சாகும்வரை நடந்துகொண்டே இருக்கிறது. உடற்கூறியலைப் பெயர்ப் பட்டியலாகப் படித்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒரு செய்தி பிடிபட்டுவிட்டால், மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் எலும்பு. இதன் சரக்கைக் கையாலேயே பிரித்துப் பார்க்கலாம். கோழியின் கால் எலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி வினிகரில் மூழ்க வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வினிகரை மாற்றிக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் வடிவம் மாறியிருக்காது. ஆனால் வளைத்தால் ரப்பர் போல வளையும். அமிலம் தாது உப்பைக் கரைத்துவிட்டது, மிஞ்சியிருப்பது கொலாஜன். அதே எலும்பைத் தீயில் நன்றாகச் சுட்டால் நேர்மாறாக நடக்கும். கொலாஜன் எரிந்துபோய்த் தாது மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும்; விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். உயிருள்ள எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது, மற்றது பெரும்பாலும் கொலாஜனும் தண்ணீரும். நசுங்காமல் காப்பது தாது, உடைந்து சிதறாமல் காப்பது கொலாஜன். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி போலப் பாதி முறிந்து பாதி வளைந்து நிற்பதற்கும், முதியவர்களின் எலும்பு பட்டென்று முறிவதற்கும் இந்தக் கலவையின் நிலை ஒரு முக்கியக் காரணம்.

தொடை எலும்பை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் வெளிச்சுவர் தந்தம் போல இறுகியிருக்கும். இரு முனைகளிலும் உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல் தெரியும். அந்தப் பின்னல் தாறுமாறானது என்றுதான் முதலில் தோன்றும். 1860களில் சூரிச்சில் உடற்கூறியலாளர் ஹெர்மன் ஃபொன் மேயர் தொடை எலும்பின் மேல்முனையை இப்படி அறுத்து வரைந்துவைத்திருந்தார். அந்தப் படத்தைக் கண்ட பொறியாளர் கார்ல் குல்மன், பாரந்தூக்கியின் வளைந்த கையில் சுமை பாயும் கோடுகளும் இதே வளைவில்தான் ஓடும் என்பதைக் கவனித்தார். உடலின் பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில்தான் எலும்பின் நுண்கம்பிகள் நிற்கின்றன. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: சுமை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் மாறும். டென்னிஸ் வீரர்களுக்குப் பந்தடிக்கும் கையின் மேற்கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரியும். சுமையே இல்லாத விண்வெளியில் நேர்மாறு. போதிய உடற்பயிற்சி இல்லாவிட்டால் விண்வெளி வீரர்களின் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன.

எலும்புக்கு இது எப்படித் தெரிகிறது? அதற்குள் மூன்று வகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஒரு வகை, அமிலத்தைச் சுரந்து பழைய எலும்பை அரித்துக் குழி பறிக்கும். இன்னொரு வகை, பின்னாலேயே வந்து அந்தக் குழியில் கொலாஜனைப் பரப்பித் தாதுவை ஏற்றி மூடும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கட்டிய செல்களில் சில அந்த எலும்புக்குள்ளேயே புதைந்து மூன்றாவது வகையாக மாறிவிடுகின்றன. எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இவையே. மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்கள் வழியே கைநீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இவை, எலும்பு இம்மியளவு வளையும்போது கால்வாயில் நீர் நகர்வதை உணர்ந்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே அரிக்க வேண்டும் என்று மற்ற இரண்டுக்கும் சேதி அனுப்புகின்றன. வளர்ந்தவரின் எலும்புகளில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது.

பிறந்த குழந்தைக்கு 270 முதல் 300 வரை எலும்புத் துண்டுகள் உண்டு, வளர்ந்தவருக்கு 206. எலும்புகள் காணாமல் போவதில்லை, ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. தலையில் உச்சிக்குழி என்று நாம் தொட்டு உணரும் மெத்தென்ற இடம், மண்டையோட்டின் தட்டுகள் இன்னும் கூடாத இடைவெளி. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும். சின்னக் குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரேயை முதன்முதலில் பார்க்கும் பெற்றோர் திடுக்கிடுவதுண்டு. வளர்ந்தவருக்கு எட்டுச் சிறு எலும்புகள் நெருக்கி அடுக்கியிருக்கும் இடத்தில், குழந்தைக்கு ஒன்றிரண்டு மட்டும் அந்தரத்தில் மிதக்கும். முன்கை எலும்பின் முனைக்கு அருகே, முறிவு போலவே, கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடும். எதுவும் உடையவில்லை. மிச்ச எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அந்தக் கறுப்புக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. குழந்தை உயரமாவது அங்கிருந்துதான். பருவ வயது முடியும்போது அந்தத் தட்டு எலும்பாகி மூடிவிட்டால், அதற்கு மேல் எந்த மருந்தும் சத்து மாவும் எலும்பை நீட்ட முடியாது. உயரம் கூட்டுவதாகச் சொல்லி வளர்ந்தவர்களிடம் பணம் பறிக்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஒரு கோட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

முறிந்த எலும்பு ஒட்டுவது மாவுக்கட்டால் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டு செய்வது ஒன்றுதான், எலும்பை அசையாமல் நேராக நிறுத்துவது. முறிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைவுக்குள் புதிய ரத்தக் குழாய்கள் நுழையும். இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பும் கொலாஜனும் கலந்த மெத்தென்ற முடிச்சு ஒன்று முனைகளைப் பிணைக்கும். அடுத்த சில வாரங்களில் அது தாது ஏறிக் கெட்டியாகும். முதலில் தேவைக்கு அதிகமாகவே பருத்துக் கிடக்கும் அந்த முடிச்சை, அரிக்கும் செல்கள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். கடைசியில் அங்கே இருப்பது ஒட்டுப்போட்ட பொருளாக இல்லாமல் அசல் எலும்பாகவே இருக்கும். தழும்பில்லாமல் ஆறும் திசுக்கள் நம் உடம்பில் மிகச் சில; எலும்பு அவற்றில் ஒன்று.

தாங்குவதைத் தவிர எலும்புக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் அங்கேதான் சேமிப்பில் இருக்கிறது. இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவில் இருந்தே ஆகவேண்டும். அது குறைந்தால், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் ஹார்மோனை அனுப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும். உணவில் வரவு குறைந்துகொண்டே போனால் சேமிப்பு கரையும். வலி இருக்காது, வெளியில் எதுவும் தெரியாது. இன்னொரு வேலை மஜ்ஜையுடையது. மார்பெலும்பு, இடுப்பெலும்பு, முள்ளெலும்பு போன்றவற்றின் சிவப்பு மஜ்ஜை ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது.

இப்போது மூட்டு. மண்டையோட்டுத் தட்டுகளுக்கு இடையே இருப்பதும் மூட்டுதான், ஆனால் அது அசையாது. முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு மூட்டு கொஞ்சம் அசையும். பகல் முழுதும் நிமிர்ந்து நடமாடுவதால் அந்த வட்டுகளிலிருந்து நீர் பிழியப்பட்டு, மாலையில் நாம் காலையைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குள்ளமாகிவிடுகிறோம். தூங்கி எழுந்தால் உயரம் திரும்பிவிடும். நாம் மூட்டு என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்று தாராளமாக அசைபவற்றைத்தான். அவற்றில் எலும்பு முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனுக்குக் குருத்தெலும்புப் பூச்சு உண்டு. சுற்றிலும் ஒரு பை. பையின் உட்சவ்வு, முட்டையின் வெள்ளைக்கரு போன்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சுரக்கும். அவ்வளவு பெரிய முழங்காலில்கூட இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனாலும் ஆரோக்கியமான மூட்டில் உராய்வு பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு.

எந்த மூட்டுக்கும் அசைவும் உறுதியும் சேர்ந்தாற்போலக் கிடைப்பதில்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பின் ஆழமான கிண்ணத்துக்குள் புதைந்திருக்கிறது. எளிதில் விலகாது, ஆனால் தோள் அளவுக்குச் சுழலாது. தோளிலோ உருண்டை பெரிது, அது உட்காரும் குழி மிக ஆழமற்றது. கையை ஏறக்குறைய எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது இதனால்தான். உடம்பில் அதிகம் விலகும் பெரிய மூட்டு தோளாக இருப்பதும் இதனால்தான். முழங்காலில் இரண்டு எலும்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வடிவமே இல்லாதவை. மேலே இரண்டு உருண்டைகள், கீழே ஏறக்குறைய தட்டையான பரப்பு. நடுவில் பிறை வடிவக் குருத்தெலும்பு வட்டுகள் இரண்டும், எலும்பை எலும்போடு பிணைத்துக் குறுக்கே பின்னிய தசைநார்களும் இதை நிற்க வைக்கின்றன. விளையாட்டு வீரர்களுக்கு "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். எது கிழிந்தது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "எலும்புத் தேய்மானம்" என்று பலரும் சொல்கிறோம். இரண்டு வெவ்வேறு நோய்கள் இந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று மூட்டுத் தேய்மானம். இதில் முதன்மையாகத் தேய்வது குருத்தெலும்பு. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பில்லாததால் தேய்வது ஆரம்பத்தில் வலிக்காது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது எளிதில் ஆறாது. அதற்குச் சத்து வருவது மூட்டுத் திரவத்திலிருந்துதான். நடக்கும்போது அழுந்திப் பழைய நீரை வெளியேற்றி, பாரம் விலகும்போது புதியதை உறிஞ்சிக்கொள்கிறது. மூட்டு வலி என்று ஒரேயடியாக அசையாமல் உட்கார்ந்துவிடுவது குருத்தெலும்பைப் பட்டினி போடுவதாகும். கூடுதல் எடையுள்ளவர்கள் எடையைக் குறைத்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்காலின் சுமை, எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் 4 கிலோ வீதம் குறைவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது நோய் எலும்புப்புரை. இதில் மூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. எலும்பின் உட்பின்னல் மெலிந்து ஓட்டை பெரிதாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு வேகமெடுத்துப் பெண்களை அதிகம் தாக்குகிறது. லேசாக விழுந்து இடுப்பெலும்பு முறியும்வரை எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். மூட்டு வலிக்காக மட்டும் கால்சியம் மாத்திரை விழுங்குவதும், வலி இல்லை என்பதால் எலும்பு திடமாக இருக்கிறது என்று நினைப்பதும் இந்தப் பெயர்க் குழப்பத்தின் விளைவுகள்.

விரலில் நெட்டி முறித்தால் மூட்டு தேயும் என்ற அச்சமும் பரவலானது. மூட்டை இழுக்கும்போது பைக்குள் அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகத் திரள்கிறது. 2015இல் எம்ஆர்ஐ கருவியால் இதை நேரடியாகப் படம்பிடித்துப் பார்த்தார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவைத்தார். 1998இல் அவர் எழுதியபடி இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. ஒரே ஒருவரின் கணக்குதான் இது என்றாலும் அந்தப் பொறுமையை மதிக்கிறேன். விரல் பேச்சு வந்ததால் இன்னொன்று: வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். அசைவு முழங்கைக்கு அருகே தட்டுப்படும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை ஏதும் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள், பொம்மலாட்டக் கயிறு போன்ற தசைநாண்களால் தூரத்திலிருந்து இழுக்கின்றன.

தோலைப் போர்வை என்று நினைப்பவர்கள் அதன் பரப்பைப் பார்க்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் விரிந்த உறுப்பு அது. மேல்தோல் பெரும்பாலான இடங்களில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளங்காலில் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிக்கும். அதன் அடித்தளத்தில் செல்கள் பிறந்து, தட்டையாகி, கெரட்டின் என்ற கெட்டியான புரதம் நிரம்பிச் செத்து, நான்கு வாரம்போல மேலேறி உதிர்கின்றன. அடித்தளத்திலேயே நிறமிச் செல்களும் உட்கார்ந்திருக்கின்றன. கறுத்தவர், வெளுத்தவர் என்று யாராயினும் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமித் துணுக்குகளின் அளவும் பரவலும்தான் வேறுபடுகின்றன. அந்தத் துணுக்குகள் பக்கத்துச் செல்களுக்குள் போய், வெயில் வரும் பக்கமாக மரபணு இருக்கும் உட்கருவின் தலைக்கு மேல் குடை பிடித்தாற்போல் நிற்கின்றன. மனிதர் மனிதரை இழிவுபடுத்தக் காரணமாக்கிய நிறம், இந்தக் குடையின் அடர்த்திதான்.

மேல்தோலில் ரத்தக் குழாய் இல்லை. முழங்காலில் லேசான சிராய்ப்பு வெள்ளைக் கோடாக நின்றுவிட்டால் காயம் மேல்தோலோடு போயிற்று என்று பொருள். சுவடே இல்லாமல் ஆறும். ரத்தம் துளிர்த்தால் உட்தோலைத் தொட்டுவிட்டது. கொலாஜன் பாய் விரிந்திருப்பது அங்கேதான். வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால், நரம்பு முனை எல்லாம் வேரூன்றியிருப்பதும் அங்கேதான். ஆழமான காயத்தில் ரத்தம் உறைந்து பொருக்கு கட்டும். அதன் கீழே இளஞ்சிவப்பாக, பொரிபொரியாகப் புதுச் சதை எழும். பிறகு கொலாஜன் வந்து நிரப்பும். ஆனால் இம்முறை பாய் முடையாமல் அவசரத்தில் ஒரே திசையில் இழுத்துத் தைத்துவிடுகிறது. தழும்பு வழவழவென்று பளபளப்பது இதனால். அங்கே மயிர் முளைக்காது, வியர்க்காது. ஆண்டுகள் ஆனாலும் வலு பழைய தோலில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டாது.

தோலும் எலும்பும் தொலைவிலிருந்தே ஒன்றுக்கொன்று உதவுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் விழும்போது அங்கிருக்கும் கொழுப்பு மூலக்கூறு ஒன்று வைட்டமின் டி ஆகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பிறகு, குடல் கால்சியத்தை உறிஞ்ச அது உதவுகிறது. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலால் பயன் இல்லை. தேவையான கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 1919இல் பெர்லினில் குழந்தை மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணமாக்கினார். ஒரு கையில் மட்டும் ஒளி காட்டினாலும் மறு கையின் எலும்பும் தேறியதை எக்ஸ்ரேயில் கண்டார். தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தில் பயணம் போயிருக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

முப்புரிக் கயிற்றின் கதைக்கு அதற்கும் பழைய சாட்சி ஒன்று உண்டு. கொலாஜன் இழைகள் முறுக்கு அவிழாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது மாதக்கணக்கில் கிடைக்காத மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் கொன்று குவித்தது. 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் முதிய படைவீரர்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690இல், அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டு முழுக்கக் குணமானவர். ஸ்கர்வி பிடித்ததும் அவருடைய பழைய காயங்கள் என்றுமே ஆறாதவை போலத் திறந்துகொண்டன என்று அந்தப் பயணத்தின் பதிவு சொல்கிறது. எப்போதோ முறிந்து கூடிய எலும்பின் இணைப்பும் கரைந்து, புது முறிவு போல விலகிவிட்டது. அரை நூற்றாண்டாக அந்தத் தழும்பிலும் அந்த எலும்பிலும் பழைய கயிறு அவிழ்ந்துகொண்டும் புதியது கட்டப்பட்டுக்கொண்டும்தான் இருந்தது. கப்பலில் அவிழ்க்கும் செல்கள் தம் வேலையை நிறுத்தவில்லை. கட்டும் செல்களுக்குத்தான் உறுதியான கயிறு முறுக்க முடியாமல் போயிற்று.